ஹவுஸ்ஃபுல் பலகை தொங்காத வாசல்

திரையரங்கு நிறைந்துவிட்டதா என்று அறிய இருக்கைகளை எண்ணினால் போதும். கடைசிச் சீட்டு விற்றதும் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கிவிடும். தீம் பார்க் என்று பரவலாக அழைக்கப்படும் கேளிக்கைப் பூங்காவில் எண்ணுவதற்கு இருக்கைகள் இல்லை. உள்ளே வந்தவர் காலையில் ஒரு சவாரியில் இருப்பார், நண்பகலில் உணவகத்தில் இருப்பார், மாலையில் ஊர்வலம் பார்க்க நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். எப்போது வெளியேறப்போகிறார் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. ஆகவே ஒரு பூங்கா நிறைந்துவிட்டது என்று அறிவிக்கப்படும்போது, அது வெறும் தலை எண்ணிக்கையைக் குறிப்பதில்லை. நடைபாதைகளின் அகலம், சவாரிகள் ஒரு மணி நேரத்தில் ஏற்றி இறக்கக்கூடிய ஆட்களின் தொகை, சமையலறைகளின் வேகம், கழிப்பறைகளின் எண்ணிக்கை, ஆபத்து நேர்ந்தால் கூட்டம் வெளியேறப் பிடிக்கும் நேரம், அன்று பணிக்கு வந்திருக்கும் ஊழியர்களின் பலம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டு நிர்வாகம் எடுத்த ஒரு முடிவையே குறிக்கிறது. கொள்ளளவு அடைப்பு எனப்படுவது இதுதான்.

இவ்வகை அடைப்புக்கு உலகில் மிக அதிகமாகப் பேர்பெற்ற இடம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகரையொட்டி 100 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் விரிந்திருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம். அங்குள்ள நான்கு பூங்காக்களில் இதுவே மூத்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் ஏறத்தாழ 2 கோடியே 9 லட்சம் பேர் இதற்கு வந்ததாகத் துறை சார்ந்த மதிப்பீடு கூறுகிறது. சராசரியாக நாளொன்றுக்கு 57,000 பேர். ஆனால் பூங்காவின் கூட்டம் சராசரியாக வருவதில்லை. செப்டம்பரின் ஒரு செவ்வாய்க்கிழமையையும் டிசம்பர் 29ஆம் தேதியையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைக்கும் எண், அந்த இரு நாட்களில் எதற்கும் பொருந்தாது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் மேஜிக் கிங்டமின் வாசல் பல ஆண்டுகள், பல நாட்கள், முற்பகலிலேயே அடைபட்டிருக்கிறது. அண்மைக்காலத்தில் அத்தகைய அடைப்பு அருகிவிட்டது. அதற்குக் காரணம் மக்களின் ஆர்வம் குறைந்தது அல்ல. வாசலில் நின்ற தடுப்பு அங்கிருந்து எடுக்கப்பட்டு, நாட்காட்டியிலும் விலைப்பட்டியலிலும் நடப்பட்டுவிட்டது என்பதே காரணம். விடுமுறைக்கால வருகையைத் திட்டமிடும் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த இடமாற்றத்தையே.

கூட்டம் டிஸ்னி நிறுவனத்துக்குப் பிறவிச் சிக்கல். கலிஃபோர்னியாவின் அனாஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று அழைப்பாளர்களுக்கு மட்டும் திறக்கப்பட்டபோது, அழைப்புச் சீட்டுகளைப் போலியாக அச்சடித்தவர்களின் கைவண்ணத்தால் எதிர்பார்த்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, 28,000 பேர் உள்ளே நுழைந்தனர். அப்போதுதான் போடப்பட்டிருந்த தார் வெயிலில் இளகி, பெண்களின் காலணிக் குதிகள் அதில் புதைந்தன; குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாகக் கழிப்பறைகளா, குடிநீர் ஊற்றுகளா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்து, குடிநீர் கைவிடப்பட்டது. அன்று பட்ட சூட்டை நிறுவனம் மறக்கவில்லை. ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமை 1971 அக்டோபர் 1 அன்று, அதாவது பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும், சுற்றுலா மந்தமான பருவத்தில், வேண்டுமென்றே திறந்தது. முதல் நாளில் வந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே. படம் ஓடாது என்று எழுதத் துணிந்தவர்களும் அன்று இருந்தனர். ஆனால் அடுத்த மாதமே, நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாள் எனும் அமெரிக்கக் குடும்பப் பண்டிகையின் மறுநாள், கார்கள் நெடுஞ்சாலையில் மைல்கணக்கில் தேங்கி நிற்க, வாசல் அடைபட்டது. பருவத்தைத் தேர்ந்து திறக்கலாம். பருவம் வந்தே தீரும்.

வாசல் அடைபடுவது என்பதும் ஒரே அடியாகக் கதவைச் சாத்துவது அல்ல. டிஸ்னி வேர்ல்டில் அது படிப்படியாக நடைபெற்றுவந்தது. முதற்படியில், அன்றைக்கென்று புதிதாகச் சீட்டு எடுத்து வருவோர் மற்ற மூன்று பூங்காக்களுக்குத் திருப்பி அனுப்பப்படுவர். நிறுவனத்தின் விடுதிகளில் தங்கியிருப்போர், உள்ளே உணவகத்தில் முன்பதிவு செய்திருப்போர், காலையில் வந்துவிட்டு வெளியே போனவர் ஆகியோருக்கு வழி திறந்தேயிருக்கும். கூட்டம் மேலும் ஏற ஏற இந்தச் சலுகைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும். கடைசிப் படியில் எவருக்கும் அனுமதி இல்லை. பிற்பகல் சாயும் வேளையில், குழந்தைகளோடு வந்தவர்கள் களைத்து வெளியேறத் தொடங்கியதும், இந்தப் படிகள் தலைகீழ் வரிசையில் தளர்த்தப்படும். ஆகவே அடைப்பு என்பது நாள் முழுதும் நீளும் தீர்ப்பு அன்று, பெரும்பாலும் சில மணி நேர நிறுத்திவைப்பு. காலை 11 மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர் மாலை 5 மணிக்கு நுழைந்து நள்ளிரவு வரை இருந்த நாட்கள் உண்டு. எத்தனை பேர் வந்தால் எந்தப் படி தொடங்கும் என்ற எண்ணை மட்டும் நிறுவனம் வெளியிடுவதில்லை. அது நாளுக்கு நாள் மாறக்கூடியதாகவே இருக்க வேண்டும், ஏனெனில் மழை பெய்யும் நாளில் அதே கூட்டம் கூரைகளின் கீழ் நெருங்கி நிற்கும். பெரிய சவாரி ஒன்று பழுதுபட்டால் அதன் வரிசையில் நின்ற ஆயிரம் பேரும் தெருவுக்கு வந்துவிடுவர்.

மேஜிக் கிங்டமின் அமைப்பே இச்சிக்கலைக் கூட்டுகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் வாசல் ஏரிக்கு அப்பால் இருக்கிறது. படகிலோ, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோ ரயிலிலோ, சுற்றிவரும் பேருந்திலோ செல்வதே வழக்கம். உள்ளே நுழைந்தபின், மெயின் ஸ்ட்ரீட் எனும் ஒற்றைக் கடைவீதி வழியாகவே எல்லோரும் கோட்டை முன்னுள்ள வட்டத் திடலுக்குச் செல்கிறார்கள்; இரவு வாணவேடிக்கை முடிந்ததும் அதே வீதி வழியாகவே வெளியேறுகிறார்கள். திருவிழாவில் தேர் நிலைக்கு வந்தபின் சன்னிதித் தெருவில் ஏற்படும் நெரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வட்டத் திடல் 2015 வாக்கில் விரிவாக்கப்பட்டதும், வாணவேடிக்கை முடிந்த பின் கடைகளுக்குப் பின்புறமுள்ள ஊழியர் வழியைச் சில இரவுகளில் பார்வையாளருக்குத் திறந்துவிடுவதும் சவாரிகளைச் சார்ந்த ஏற்பாடுகள் அல்ல, கால்களைச் சார்ந்தவை.

வாசலில் தடுப்பதன் ஆபத்தை எல்லோரும் காணும்படி வெளிக்கொணர்ந்தது ஒர்லாண்டோ அல்ல, ஹாங்காங். லாண்டாவ் தீவில் 2005 செப்டம்பர் 12 அன்று திறக்கப்பட்ட ஹாங்காங் டிஸ்னிலேண்டில் பெரும்பங்கு ஹாங்காங் அரசுக்கு உரியதாக இருந்ததால், கூட்டம் பற்றிய கேள்வி தொடக்கத்திலேயே பொது விவாதமாயிற்று. திறப்புக்கு முந்தைய ஒத்திகை நாளில், கொள்ளளவாக அறிவிக்கப்பட்டிருந்த 30,000 பேரை உள்ளே விட்டபோது வரிசைகள் தாங்க முடியாத அளவுக்கு நீண்டன. எண்ணிக்கையைக் குறைக்குமாறு எழுந்த கோரிக்கையை நிர்வாகம் ஏற்கவில்லை. ஐந்து மாதங்களில் சீனப் புத்தாண்டு வந்தது. நிர்வாகம் விற்றிருந்த சாதாரணச் சீட்டு ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் பயன்படுத்தத்தக்கது. ‘சிறப்பு நாட்கள்’ என்று குறிக்கப்பட்ட சில நாட்களுக்கு மட்டும் தேதியிட்ட சீட்டு வேண்டும். அந்தச் சிறப்பு நாட்கள் ஹாங்காங்கின் பொது விடுமுறையை ஒட்டிக் குறிக்கப்பட்டிருந்தன. பெருநிலச் சீனாவிலோ விடுமுறை ஒரு முழு வாரம் நீண்டது. ஹாங்காங் வேலைக்குத் திரும்பிய பின்னும் எல்லைக்கு அப்பாலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டேயிருந்தன; கையில் செல்லத்தக்க சீட்டு, எதிரே மூடிய கதவு. 2006 பிப்ரவரியின் அந்த முதல் நாட்களில் சிலர் வேலி ஏறிக் குதித்ததையும், குழந்தையைக் கம்பிக்கு மேலாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றியதையும் நாளேடுகள் படத்தோடு வெளியிட்டன. நிர்வாகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

இந்நிகழ்வைக் கட்டுக்கடங்காத கூட்டத்தின் கதையாகச் சொல்வது அன்றும் வழக்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அது பிழையான வாசிப்பு. கூட்டம் திடீரென்று வரவில்லை. அது ஆறு மாதங்களாகச் சீட்டு வடிவில் விற்கப்பட்டுவந்தது. எந்த நாளில் வரும் என்ற கேள்வியை விற்பவர் கேட்காமல் விட்டதும், எல்லைக்கு அப்பாலுள்ள பெருநிலத்தின் நாட்காட்டியைப் பார்க்காமல் விட்டதுமே குற்றம். தேதியில்லாச் சீட்டு என்பது நிர்வாகம் எழுதித் தந்த கடன்பத்திரம் போன்றது. எல்லோரும் ஒரே நாளில் வந்து நீட்டினால் எந்தக் கடையும் திவாலாகும்.

தேதி குறிக்கும் முறைக்கு வருமுன், பூங்காக்கள் கூட்டத்தைப் பங்கிட்ட பழைய வழி ஒன்றையும் நினைவுகூர வேண்டும், ஏனெனில் இன்றைய முறை புதியதுபோல் தோன்றினாலும் அதன் வேர் அங்கே இருக்கிறது. டிஸ்னிலேண்டில் முதல் ஆண்டுகளில் நுழைவுக்கு ஒரு கட்டணமும் ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டும் இருந்தன. சீட்டுகள் ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கப்பட்டிருந்தன; 1959இல் சேர்க்கப்பட்ட ஈ சீட்டு, மிகவும் விரும்பப்பட்ட சவாரிகளுக்கு உரியது, விலையும் அதிகம். ஒரு சீட்டுப் புத்தகத்தில் ஈ சீட்டுகள் சிலவே இருந்ததால், அவை தீர்ந்ததும் குடும்பம் ஏ, பி சீட்டுகளுக்குரிய குதிரை ராட்டினத்தையும் பழைய டிராமையும் நாடிச் சென்றது. அதாவது, விலையே கூட்டத்தைப் பூங்கா முழுவதும் பரப்பியது. 1982இல் இம்முறை கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரிகளும் என்றானது. அன்றிலிருந்து பெரிய சவாரிக்கும் சிறிய சவாரிக்கும் பணத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு காலத்தில் வந்து சேர்ந்தது. காசாகக் கொடுத்ததை மக்கள் மணிக்கணக்காகக் கொடுக்கத் தொடங்கினர்.

அந்த மணிக்கணக்கை மீட்கும் முயற்சியே 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ். சவாரியின் முன்னுள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், பின்னர் எந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட துண்டு கிடைக்கும். அதுவரை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கட்டணம் ஏதுமில்லை. ஆனால் வரிசையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் பூங்காவிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அவர் நடைபாதைக்கோ மற்றொரு வரிசைக்கோ போகிறார். சவாரியின் ஏற்றுத்திறன் மாறாதவரை, ஒருவருக்கு மிச்சமாகும் நிமிடங்கள் பொது வரிசையில் நிற்கும் மற்றொருவரின் கணக்கில்தான் ஏறும். 2010 டிசம்பரில் வெளியான ஒரு நாளேட்டுச் செய்தியின் வழியே, மேஜிக் கிங்டமின் கோட்டைக்குக் கீழே சுரங்க அறையொன்றில் இயங்கிய கட்டுப்பாட்டு மையத்தைப் பற்றி வெளியுலகம் அறிந்தது. ஒரு சவாரியின் நிறம் திரையில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறினால் கூடுதல் படகுகளை இறக்குவதும், வரிசையில் நிற்போரின் சலிப்பைப் போக்கக் கடற்கொள்ளையன் வேடமிட்டவரை அனுப்புவதும், நெரிசலான பகுதியிலிருந்து கூட்டத்தை இழுக்கச் சிற்றூர்வலமொன்றை வேறு பகுதியில் கிளப்பிவிடுவதும் அந்த மையத்தின் வேலை. நாற்பதுக்கும் மேற்பட்ட சவாரிகளும் காட்சிகளும் உள்ள இடத்தில் ஒருவர் சராசரியாக அனுபவித்த ஒன்பதை, இத்தனை ஏற்பாட்டுக்குப் பின் பத்தாக உயர்த்த முடிந்தது என்று அச்செய்தி கூறியது. ஒன்று கூடியது சாதனைதான். நுட்பத்தால் எவ்வளவு கூட்ட முடியும் என்பதன் எல்லையும் அதுதான்.

2020இன் பெருந்தொற்று, முன்பு துணிய முடியாத ஒன்றைத் துணியும் வாய்ப்பை நிறுவனங்களுக்கு அளித்தது. மார்ச் நடுவில் மூடப்பட்ட டிஸ்னி வேர்ல்ட் ஜூலையில் கொள்ளளவின் ஒரு சிறு பகுதியோடு திறந்தபோது, சீட்டு வைத்திருப்பவரும் இன்ன பூங்காவுக்கு இன்ன நாளில் வருவதாக முன்பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நோய்க்காகக் கொண்டுவரப்பட்ட இவ்விதி, நோய் தணிந்த பின்னும் நீடித்து, தேதியிட்ட சீட்டுகளுக்கு 2024 ஜனவரி 9 அன்றுதான் நீங்கியது. நீங்கியும் பெரிய மாற்றமில்லை, ஏனெனில் அதற்குள் சீட்டே தேதியோடு பிணைந்துவிட்டது. 2018 அக்டோபர் முதல் டிஸ்னி வேர்ல்டின் சீட்டு விலை நாளுக்கு நாள் வேறுபடுகிறது. 2022 டிசம்பரில் மேஜிக் கிங்டமின் ஒருநாள் சீட்டு, நாளைப் பொறுத்து 124 முதல் 189 டாலர் வரை விற்றது. அந்த ஆண்டு விடுமுறைக் காலத்தில் அனுமதிக்கும் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்ததாக 2023 பிப்ரவரியில் நிறுவனம் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது. பார்வையாளர் அனுபவத்தின் தரத்தைக் காப்பதற்காக என்ற விளக்கம் பொய்யல்ல, முழுமையும் அல்ல.

எஞ்சிய பகுதியை ஜப்பானின் கணக்கேடு காட்டுகிறது. டோக்கியோ டிஸ்னிலேண்டையும் டிஸ்னிஸீயையும் நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்னும் உள்நாட்டு நிறுவனம்; விடுமுறை நாட்களில் நுழைவுக் கட்டுப்பாடு என்பது அங்கே மிகப் பழகிய சொல். 2019 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அவ்விரு பூங்காக்களுக்கும் வந்தோர் 3 கோடியே 25 லட்சம் பேர். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வந்தோர் ஏறத்தாழ 2 கோடியே 75 லட்சம் பேர். அரை கோடிப் பேர் குறைவு, ஆனால் வருவாய் முன்னதைவிட அதிகம். இடைப்பட்ட காலத்தில் எல்லாச் சீட்டுகளும் தேதியிடப்பட்டு, 2023 அக்டோபர் முதல் பெரியவர்க்கான ஒருநாள் விலை 7,900 முதல் 10,900 யென் வரை மாறுபடலாயிற்று. விரைவு வரிசைக்கும் தனிக் கட்டணம் வந்தது. நெரிசல் குறைவாகவும் வரவு கூடுதலாகவும் இருக்கக்கூடும் என்று கண்டுகொண்ட நிர்வாகம், மீண்டும் வாசலைத் திறந்து விட்டுவிட்டு நண்பகலில் சாத்தும் பழைய முறைக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் இருக்கிறது. பழைய அடைப்பு மூர்க்கமானது. ஆனால் விடியுமுன் எழுந்து வந்தவனுக்கு அது வழிவிட்டது, அவன் பர்ஸைப் பார்க்கவில்லை. புதிய முறை சாந்தமானது, யாரையும் வெயிலில் நிறுத்துவதில்லை; வர இயலாதவர் வீட்டிலேயே, விலைப்பட்டியலைப் பார்த்த கணத்திலேயே திரும்பிவிடுகிறார், அவரைப் படமெடுக்க எந்த நாளேடும் இல்லை. ஃபாஸ்ட்பாஸ் 2020க்குப் பின் திரும்பவேயில்லை; 2021 அக்டோபரில் அதன் இடத்துக்கு வந்த கட்டண முறை, 2024 ஜூலை முதல் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்ற பெயரில் தொடர்கிறது. 2024 இறுதியில் அறிமுகமான பிரீமியர் பாஸ், நேரம் குறிக்காமல் விரைவு வரிசையில் நுழையும் உரிமையை ஒருவருக்கு ஒரு நாளுக்கு 129 முதல் 449 டாலர் வரை விற்றது, நுழைவுச் சீட்டு நீங்கலாக. பொதுத் தரிசனத்துக்கும் சிறப்புத் தரிசனத்துக்கும் இடையே ஒரு கம்பித் தடுப்பைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டவருக்கு இந்த ஏற்பாட்டின் தத்துவம் புதிதாக இராது, தொகைதான் புதிது.

இந்நிலையில் திட்டமிடுதல் என்பது வந்திறங்கிய காலையில் தொடங்குவதன்று, நாட்காட்டியைத் திறக்கும் இரவில் தொடங்குவது. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு, அலுவலகமும் பள்ளியும் ஒருசேர விடும் நீண்ட விடுமுறை டிசம்பர் கடைசி வாரம் மட்டுமே. அவர்களைப் போலவே கோடிக்கணக்கான குடும்பங்களுக்கும் அதுவே என்பதுதான் சிக்கல். தென்னரைக்கோளத்தில் அப்போது கோடை விடுமுறை என்பதால் பிரேசில், அர்ஜென்டினா முதலிய நாடுகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர். பள்ளிக்குச் செல்லும் வயதில் பிள்ளைகள் இல்லாதவர்களும், வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரும், நன்றி நவிலல் நாளுக்குப் பிந்தைய வாரங்களில், டிசம்பர் முதற்பாதியில் சென்றால், அலங்காரம் முழுவதையும் கூட்டத்தின் ஒரு பகுதியோடு பார்க்கலாம். அந்நாட்களில் மேஜிக் கிங்டமில் பல இரவுகள் தனிக்கட்டணக் கிறிஸ்துமஸ் விருந்து நடைபெறும்; அன்று சாதாரணச் சீட்டுக்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும் என்பதால் பலர் அந்நாளையே தவிர்க்கின்றனர், பகல் சற்றுக் காலியாகிறது. இரவைத் துறந்து பகலை வாங்கும் இந்தப் பேரம், சிறு குழந்தைகளோடு வருபவருக்கு இலாபமானது.

ஆகஸ்ட் நடுவில் ஃபுளோரிடாப் பள்ளிகள் திறந்ததிலிருந்து செப்டம்பர் முடியும்வரை கூட்டம் ஆண்டின் தாழ்நிலையில் இருக்கும். புழுக்கமும் சூறாவளி அச்சமும் அதன் விலை. விடுமுறை நாள் என்றாலே கூட்டம் என்ற விதியும் முழு உண்மையல்ல: அமெரிக்க விடுதலை நாளையொட்டிய ஜூலைத் தொடக்கத்தில் மேஜிக் கிங்டமின் சராசரிக் காத்திருப்பு 2019இல் 47 நிமிடங்களாக இருந்து 2023இல் 27ஆகக் குறைந்ததை, வரிசை நேரங்களைத் தொகுத்து ஆராயும் டூரிங் பிளான்ஸ் அமைப்பின் தரவு காட்டியது. வெப்பத்துக்கும் விலைக்கும் அஞ்சிப் பலர் அந்த வாரத்தைக் கைவிட்டிருந்தனர். எல்லோரும் அஞ்சும் நாள் சில வேளை எல்லோரும் தவிர்த்த நாளாகிவிடுகிறது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் அப்படித் தவிர்க்கப்பட்டதாக இதுவரை செய்தியில்லை.

அந்த வாரத்திலேயே செல்ல நேர்ந்தவருக்கு எஞ்சியிருக்கும் மூலதனம் காலை நேரம். இதற்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 1,500 பேரை ஏற்றும் ஒரு சவாரியை நோக்கி, வாசல் திறந்த முதல் மணியில் 2,500 பேர் வருவதாகக் கொண்டால், அம்மணி முடிவில் 1,000 பேர் வரிசையில் மிஞ்சுவர்; அடுத்து வருபவர் 40 நிமிடம் நிற்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் வந்தவரோ பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே நின்றிருப்பார். வருகை வேகம் குறைந்தாலொழிய இந்த மிச்சம் கரையாது. பிற்பகல் முழுதும் அது தலைமுறைச் சொத்துபோல ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டேயிருக்கும். வரிசையில் நிற்போர் தொகை, வருகை வேகத்தையும் காத்திருப்பு நேரத்தையும் பெருக்கிய அளவுக்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய தேற்றம் சொல்வதும் இந்த உறவைத்தான். நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோரை ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். கேட்க அற்பமான இந்த அரை மணி, நண்பகலின் இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகும்.

எந்தச் சவாரியை அந்த அரை மணியில் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். பேர்பெற்ற சவாரி என்பதும் வரிசை நீளும் சவாரி என்பதும் ஒன்றல்ல. ஹாண்டட் மேன்ஷனில், ஆம்னிமூவர் என்று பெயரிட்ட, நிற்காமல் தொடர்ந்து நகரும் இருக்கைச் சங்கிலி உள்ளது. மணிக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை விழுங்கக்கூடிய அதற்குக் காலையில் ஓடத் தேவையில்லை. பறக்கும் யானையான டம்போவோ ஒரு சுற்றுக்குச் சிலரையே ஏற்றி, நின்று, இறக்கி, மீண்டும் ஏற்றுவது. அதன் வரிசையைத் தாங்க முடியாமல்தான் 2012இல் இரண்டாவது ராட்டினமொன்றை அருகிலேயே அமைத்தார்கள். ஏற்றுத்திறன் குறைந்தவற்றைக் காலையிலும், பெருவயிற்றுச் சவாரிகளை நண்பகலிலும் வைத்துக்கொள்பவர் மற்றவர்களைவிட வேகமாக நடப்பதில்லை, வரிசை முறையை மட்டும் மாற்றுகிறார். பலகையில் காட்டும் காத்திருப்பு நேரத்தை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். அது பெரும்பாலும் சற்று மிகைப்படுத்தியே எழுதப்படுகிறது. சில வேளை வரிசையின் வாலில் நிற்பவர் கையில் ஊழியர் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, சவாரி ஏறுமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்வது, உண்மை நேரத்தை அளப்பதற்காகவே.

நண்பகலில் விடுதிக்குத் திரும்பி ஓய்வெடுத்து மாலையில் மீள்வது நல்ல வழக்கம். அடைப்பு இருந்த நாட்களில் அது விடுதியில் தங்கியோருக்கு மட்டுமே துணிந்து செய்யத்தக்கதாக இருந்தது. வெளியே தங்கியவர் காலை நுழைந்தால் இரவு வரை உள்ளேயே இருப்பது பாதுகாப்பு. பூங்கா விட்டுப் பூங்கா தாவும் சீட்டு கையில் இருந்தாலும், உச்ச நாட்களில் மேஜிக் கிங்டமிலிருந்து வெளியே போகலாமேயன்றி, வெளியிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பிற்பகலில் போவதைத் திட்டத்தின் அடித்தளமாக வைப்பது கூடாது. கோட்டைக்கு அருகிலுள்ள கன்டெம்ப்ரரி விடுதியிலிருந்து வாசலுக்குப் பத்து நிமிட நடைபாதை உண்டு என்பது, மோனோ ரயிலும் படகும் திணறும் இரவில் மட்டுமே மதிப்புத் தெரியும் செய்தி.

டிசம்பர் 31 அன்று நான்கு பூங்காக்களில் எதற்குச் செல்வது என்ற கேள்விக்கு, விலங்குகள் வாழும் இடம் என்பதால் வாணவேடிக்கை இல்லாத, எனவே இரவுக் கூட்டத்தை ஈர்க்காத அனிமல் கிங்டம் என்பதே பகலுக்கான விடை. வாணவேடிக்கைக்காகவே வருபவர் பலர் என்பதால், புத்தாண்டுக்கென அமைந்த அதே வேடிக்கையை மேஜிக் கிங்டமில் டிசம்பர் 30 இரவும் நிகழ்த்துவது நெடுநாள் வழக்கம். நிறமும் ஒலியும் அதே. ஆண்டு மாறும் கணம் மட்டும் அதில் இருக்காது. அந்தக் கணத்துக்காக மறுநாள் பிற்பகலிலிருந்தே கோட்டை முன் துண்டு போட்டு இடம்பிடித்து உட்கார்ந்திருப்போர், நள்ளிரவு கடந்த பின் மெயின் ஸ்ட்ரீட்டைக் கடந்து, படகுக்கு நின்று, கார் நிறுத்துமிடத்தில் வண்டியைத் தேடிக் கண்டெடுக்கும்போது, முந்தைய இரவே பார்த்துவிட்டவர்கள் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பர்.